பத்துச் சதுர மீட்டர் என்னும் கோடு: சிட்னியில் பழைய வீட்டின் ஆஸ்பெஸ்டாஸை யாரைக் கொண்டு அகற்றுவது?

மேற்கு சிட்னியின் டூங்காபி, வென்ட்வொர்த்வில், பெண்டில் ஹில் பகுதிகளில் பழைய வீடு வாங்கிய நம்மவர்கள் பலருக்கும் இரண்டு மூன்று ஆண்டுகளில் ஒரே எண்ணம் எழுகிறது. கொல்லைப்புறத்துக் காரேஜை இடித்துவிட்டு அங்கே கிரானி ஃப்ளாட் எனப்படும் சிறு தனி வீடு ஒன்றைக் கட்டினால் வாடகை வரும், ஊரிலிருந்து அப்பா அம்மா வந்தால் தங்கவும் வசதியாக இருக்கும் என்பதே அது. 1960களில் கட்டிய ஒரு வீட்டில் குடியிருக்கும் எங்களுக்கும் அப்படித்தான் தோன்றியது. வரைபடம், வங்கிக் கடன், கவுன்சில் அனுமதி ஆகியவற்றைப் பற்றி மாதக்கணக்கில் பேசிய நாங்கள், அந்தக் காரேஜின் கூரையும் சுவரும் ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்டால் ஆனவை என்பதைக் கடைசி வாரத்தில்தான் கவனத்தில் எடுத்துக்கொண்டோம். அதை யார், எந்த உரிமத்தின் கீழ், யாருக்கு அறிவித்துவிட்டு அகற்ற வேண்டும் என்று தேடிப் படித்ததில் எனக்குப் புரிந்தவற்றை, இதே முடிவை எடுக்க வேண்டிய மற்றவர்களுக்குப் பயன்படும் வகையில் இங்கே ஒப்பிட்டு எழுதுகிறேன்.

கல்நார் என்று தமிழில் சொல்லப்படும் ஆஸ்பெஸ்டாஸ், ஊரில் நமக்குக் கூரையாகவே பழக்கமானது. ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டுக்குக் கீழே படித்தும் தூங்கியும் வளர்ந்தவர்களுக்கு அதன் மேல் பயம் வருவது கடினம், அதனால்தான் இந்த நாட்டு விதிகள் முதலில் மிகையாகத் தெரிகின்றன. ஆஸ்திரேலியாவின் அனுபவம் வேறு. பராமட்டாவை அடுத்த கமீலியாவில் ஜேம்ஸ் ஹார்டி நிறுவனத்தின் தொழிற்சாலை பல பத்தாண்டுகள் ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்ட் பொருட்களைச் செய்து தள்ளியது. போருக்குப் பிந்தைய வீட்டுப் பஞ்சத்தில் 'ஃபைப்ரோ' என்று அழைக்கப்பட்ட அந்தத் தகடுகள் ஆயிரக்கணக்கான வீடுகளின் சுவராயின. அந்த நார்த்தூளைச் சுவாசித்தவர்களுக்கு இருபது, முப்பது, நாற்பது ஆண்டுகள் கழித்து மீசோதீலியோமா என்னும் புற்றுநோய் வந்தது. 2003 டிசம்பர் 31 முதல் எல்லா வகை ஆஸ்பெஸ்டாஸும் இங்கே முழுமையாகத் தடை செய்யப்பட்டது. ஆனால் ஏற்கெனவே சுவரிலும் கூரையிலும் இருப்பதை எந்தத் தடையும் எடுத்துவிடவில்லை. 1990க்கு முன் கட்டிய வீடு என்றால், எங்கோ ஓரிடத்தில் அது இருக்கிறது என்று எண்ணியே வேலையைத் தொடங்க வேண்டும்.

நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் ஒரு வீட்டுக்காரருக்கு நான்கு வழிகள் உள்ளன: இருப்பதை அப்படியே விட்டுவிடலாம், சிறு அளவென்றால் தானே அகற்றலாம், பி வகுப்பு உரிமம் பெற்றவரை அமர்த்தலாம், அல்லது ஏ வகுப்பு உரிமம் பெற்றவரை அமர்த்தலாம். இவற்றுள் எதைத் தேர்வது என்பதைப் பலரும் விலையை வைத்துத் தீர்மானிக்கிறார்கள். சட்டமோ இரண்டு கேள்விகளை வைத்துத் தீர்மானிக்கிறது. பொருள் எந்த நிலையில் இருக்கிறது என்பது முதல் கேள்வி, எவ்வளவு இருக்கிறது என்பது இரண்டாவது.

காய்ந்த நிலையில் கையால் நசுக்கினாலே பொடியாகிவிடும் பொருளை இங்கே 'ஃப்ரையபிள்' என்கிறார்கள். வெந்நீர்க் குழாயைச் சுற்றிய பழைய உறை, கூரைக்குள் தெளித்த காப்புப் பொருள், பழைய வினைல் தரை விரிப்பின் அடியில் ஒட்டியிருக்கும் சாம்பல் நிறக் காகிதப் படலம் ஆகியவை இந்த வகை. இவற்றை எவ்வளவு சிறிய அளவில் அகற்றுவதானாலும் ஏ வகுப்பு உரிமம் வேண்டும். சிமெண்டோடு இறுகிய ஃபைப்ரோ தகடு போன்றவை ஃப்ரையபிள் அல்லாதவை. அவற்றைப் பி வகுப்பு உரிமம் உள்ளவர் எந்த அளவிலும் அகற்றலாம். ஏ வகுப்பு உரிமக்காரர் இரண்டு வகையையும் செய்யலாம். ஃப்ரையபிள் அல்லாத பொருள் மொத்தம் பத்துச் சதுர மீட்டரைத் தாண்டாவிட்டால் உரிமமே தேவையில்லை.

இந்த வகைப்பாட்டில் ஒரு சிக்கல் உண்டு. ஃபைப்ரோ தகடு எப்போதும் ஃப்ரையபிள் அல்லாததாகவே இருந்துவிடாது. நெருப்பில் வெந்த தகடும், பல ஆண்டு மழையிலும் வெயிலிலும் சிமெண்ட் கரைந்து நார் வெளியே தெரியும் தகடும் ஃப்ரையபிள் வகைக்கு மாறிவிடக்கூடும். எங்கள் காரேஜ் கூரையின் தென்புறச் சரிவில் பாசி படர்ந்திருந்தது. பரிசோதிக்க வந்தவர் ஏணியில் நின்று, தகட்டின் விளிம்பில் டார்ச் ஒளியைப் பக்கவாட்டில் அடித்துக் காட்டினார். பூனை முடி போல் மெல்லிய வெண்ணிற இழைகள் விளிம்பு நெடுக நீட்டிக்கொண்டிருந்தன. "இன்னும் இறுகித்தான் இருக்கிறது, ஆனால் இதன் மேல் உயர் அழுத்தத் தண்ணீரை யாராவது அடித்திருந்தால் நான் வேறு மாதிரி எழுதியிருப்பேன்" என்றார். பாசியைப் போக்க அதைத்தான் செய்யலாம் என்று அதற்கு முந்தைய கோடையில் நான் நினைத்திருந்தேன். பழைய ஃபைப்ரோவின் மேல் அழுத்தத் தண்ணீர் அடிப்பது சட்டப்படியே தடுக்கப்பட்டது என்பதை அன்றுதான் அறிந்தேன்.

எனவே எந்த வழியைத் தேர்வதற்கும் முன்னால் மாதிரி எடுத்துச் சோதிப்பதற்குச் செலவு செய்ய வேண்டும். ஆய்வகங்களை மதிப்பிடும் தேசிய அமைப்பான நாட்டாவின் அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் சோதிப்பதற்கு ஆகும் தொகை, தவறான வகுப்பில் ஆளை அமர்த்தி வேலையைப் பாதியில் நிறுத்தும்போது ஏற்படும் இழப்போடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை.

முதல் வழியான விட்டுவிடுவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நல்ல நிலையில் இருந்து, வர்ணம் பூசப்பட்டு, யாரும் துளையிடாமலும் அறுக்காமலும் இருக்கும் ஃபைப்ரோவால் வரும் ஆபத்து மிகக் குறைவு. எங்கள் வீட்டு இறவாணத்தின் அடிப்பக்கத் தகடுகளை நாங்கள் தொடவில்லை. ஆனால் இந்த வழி, அந்த இடத்தில் வேறு எந்த வேலையும் வராது என்ற உறுதி இருக்கும்வரைதான் செல்லும். கூரையில் சோலார் தகடு பொருத்த நினைத்தாலோ, குளியலறையைப் புதுப்பிக்க நினைத்தாலோ, இடிக்க நினைத்தாலோ அது முடிந்துவிடுகிறது. இடிப்பதற்கு முன் ஆஸ்பெஸ்டாஸைக் கண்டறிந்து, நியாயமாக இயன்றவரை அகற்றிவிட வேண்டும் என்பது விதி.

இரண்டாம் வழியில்தான் அதிகத் தவறுகள் நடக்கின்றன என்பது என் எண்ணம். பத்துச் சதுர மீட்டர் என்பது கேட்பதற்குச் சிறியது. கையில் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு போனால் அது எவ்வளவு விரைவில் தீர்ந்துவிடுகிறது என்பது தெரியும். துணி துவைக்கும் அறையான எங்கள் லாண்ட்ரியில் 1.8 மீட்டர் அகலமும் 2.4 மீட்டர் உயரமும் உள்ள இரண்டு சுவர்களை மாற்ற வேண்டியிருந்தது. ஒன்று 4.32 சதுர மீட்டர், இரண்டும் சேர்ந்து 8.64. கோட்டுக்கு உள்ளேதான். அதோடு ஒன்பது மீட்டர் நீளமும் 45 சென்டிமீட்டர் அகலமும் உள்ள ஒரு பக்க இறவாணத் தகட்டையும் சேர்த்திருந்தால் இன்னொரு 4.05 கூடி, மொத்தம் 12.69 ஆகிக் கோட்டைத் தாண்டியிருக்கும். காரேஜின் கூரை மட்டுமே, 6 மீட்டருக்கு 3.6 மீட்டர் என்று தட்டையாக அளந்தாலும், 21.6 சதுர மீட்டர்.

'இந்தச் சனிக்கிழமை ஒன்பது, அடுத்த சனிக்கிழமை ஒன்பது' என்று பிரித்துச் செய்துகொள்ளலாமே என்று ஒரு ஒப்பந்தக்காரர் எங்களிடம் யோசனை சொன்னார். அது தவறு. அந்த இடத்தில் நடக்கும் அகற்றும் வேலை முழுவதற்கும் சேர்த்துத்தான் பத்துச் சதுர மீட்டர், நாள் கணக்குக்கு அல்ல. அதைவிட முக்கியமானது, அந்தக் கோடு உரிமத்துக்கான கோடே தவிரப் பாதுகாப்புக்கான கோடு அல்ல என்பது. ஒன்பது சதுர மீட்டர் தகட்டை உடைத்துக் கழற்றினால் வரும் தூள், பதினொன்றை நனைத்து முழுத் தகடாகக் கழற்றினால் வருவதைவிட மோசமானதாக இருக்கக்கூடும். உரிமம் தேவையில்லாத அளவிலும் மின் அறுவைக் கருவியைக் கொண்டு அறுக்கக் கூடாது, தகட்டை ஈரமாகவே வைத்திருக்க வேண்டும், பி2 வகை முகக்கவசமும் ஒருமுறை மட்டும் அணியும் முழு உடுப்பும் வேண்டும், வீட்டு வாக்யூம் கிளீனரை அந்தப் பக்கமே கொண்டுவரக் கூடாது. கழற்றியதை 0.2 மில்லிமீட்டர் தடிமனுள்ள பிளாஸ்டிக்கில் சுற்றி, ஒட்டி, உள்ளே இருப்பது ஆஸ்பெஸ்டாஸ் என்று மேலே எழுதி, ஆஸ்பெஸ்டாஸை ஏற்கும் குப்பைக் கிடங்குக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டு எடுத்துச்செல்ல வேண்டும். வீட்டுக் குப்பைத் தொட்டியில் போடுவது குற்றம். இவை அனைத்தையும் ஒரு வார இறுதியில், பக்கத்து அறையில் குழந்தைகள் இருக்க, யூடியூபைப் பார்த்துக் கற்றுக்கொண்டு செய்ய நினைப்பவரை நான் தடுக்கவே முயல்வேன்.

இதே கேள்விக்குப் பக்கத்து ஆட்சிப்பகுதிகள் வேறு விடைகளைச் சொல்கின்றன என்பதை இங்கே கவனிக்க வேண்டும். கான்பெரா இருக்கும் ஆஸ்திரேலியத் தலைநகர் ஆட்சிப்பகுதியில் பத்துச் சதுர மீட்டர் விலக்கே கிடையாது. எவ்வளவு சிறிய அளவானாலும் உரிமம் பெற்றவர்தான் அகற்ற வேண்டும். 'மிஸ்டர் ஃப்ளஃபி' என்று பெயர்பெற்ற தளர்ந்த ஆஸ்பெஸ்டாஸ் காப்புப் பொருள் 1968 முதல் 1979 வரை ஏறத்தாழ ஆயிரம் வீடுகளின் கூரைக்குள் ஊதி நிரப்பப்பட்டது. 2014இல் அரசே அந்த வீடுகளை வாங்கி இடிக்க முன்வந்தது. அந்த அனுபவத்தைக் கண்ட ஊர் சிறு அளவுக்கு விலக்குத் தர விரும்பாததில் வியப்பில்லை. விக்டோரியாவோ மற்ற மாநிலங்களின் பொதுச் சட்ட மாதிரியில் சேராமல் தன் விதிகளையே வைத்திருக்கிறது. அங்கே தொழில்முறையில் உரிமமின்றி அகற்றுபவருக்குப் பத்துச் சதுர மீட்டர் என்ற எல்லையோடு, ஏழு நாட்களில் மொத்தம் ஒரு மணி நேரத்துக்கு மேல் அந்த வேலை செய்யக் கூடாது என்ற இன்னொரு எல்லையும் உண்டு. ஒரு மணி நேரத்தில் ஒழுங்காக என்ன செய்ய முடியும் என்று எண்ணிப் பார்த்தால், அந்த விதியை எழுதியவர்களின் மனம் விளங்கும். மெல்போர்னில் இருக்கும் உறவினர் சொன்னதை வைத்து சிட்னியில் முடிவெடுக்க வேண்டாம் என்று நான் சொல்வதன் காரணமும் இதுவே.

இனி உரிமம் பெற்றவர்களிடம் வருவோம். பி வகுப்பையும் ஏ வகுப்பையும் ஒப்பிடும்போது, உரிமம் என்ற அட்டைக்கு மேலாக அது எவற்றையெல்லாம் கட்டாயமாக்குகிறது என்பதையே பார்க்க வேண்டும். உரிமம் தேவைப்படும் எந்த அகற்றும் வேலைக்கும், தொடங்குவதற்குக் குறைந்தது ஐந்து நாட்களுக்கு முன் மாநில ஒழுங்குமுறை அமைப்பான சேஃப்வொர்க் என்எஸ்டபிள்யூவுக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும். அறிவிப்பவர் உரிமக்காரர், வீட்டுக்காரர் அல்ல. அந்த முன்னறிவிப்பில் உரிம எண், மேற்பார்வையாளர் யார், வேலை நடக்கும் முகவரி, தொடங்கும் நாள், எத்தனை நாள் ஆகும், பொருள் ஃப்ரையபிளா இல்லையா, எவ்வளவு, எத்தனை பேர் வேலை செய்வார்கள், அவர்களுடைய பயிற்சி என்ன, முடிந்தபின் சோதித்துச் சான்றிதழ் தரப்போகிறவர் யார் என்பது வரை எல்லாம் இருக்கும். இதை வெறும் படிவம் என்று முதலில் நினைத்த நான், நகலைக் கேட்டு வாங்கிப் படித்தபின் கருத்தை மாற்றிக்கொண்டேன். ஒரு ஒப்பந்தக்காரர் நம்மிடம் வாயால் சொன்ன ஒவ்வொன்றையும் அரசிடம் எழுத்தில் சொல்லியாக வேண்டும் என்ற நிலையில், 'பார்த்துக்கொள்ளலாம்' என்ற பேச்சுக்கு இடமே இல்லாமல் போகிறது. குடியிருப்பு என்றால் அதில் வசிப்பவருக்கும் அருகிலுள்ள வீட்டாருக்கும் முன்கூட்டியே சொல்ல வேண்டிய கடமையும் உரிமக்காரருக்கு உண்டு. புயலில் கூரை பிய்ந்தது போன்ற அவசர நிலையில் மட்டும் உடனே தொலைபேசியில் சொல்லிவிட்டு, 24 மணி நேரத்துக்குள் எழுத்தில் தரலாம்.

வேலை முடிந்ததும் அகற்றியவருக்குத் தொடர்பில்லாத ஒருவர் இடத்தைச் சோதித்து, தூளோ துண்டோ கண்ணுக்குத் தெரியவில்லை என்று எழுதித் தரும் தூய்மைச் சான்றிதழ் வரும்வரை அந்த இடத்தை யாரும் பயன்படுத்தக் கூடாது. பி வகுப்பு வேலைக்கு அனுபவமும் தகுதியும் உள்ள ஒருவர் இதைத் தரலாம். ஏ வகுப்பு வேலைக்கு உரிமம் பெற்ற ஆஸ்பெஸ்டாஸ் மதிப்பீட்டாளர்தான் தர வேண்டும். ஏ வகுப்பில் அதோடு காற்றையும் அளக்க வேண்டும். ஒரு மில்லிலிட்டர் காற்றில் 0.01 நாருக்குக் கீழே இருக்க வேண்டும், 0.01ஐ எட்டினால் காரணத்தைத் தேடிச் சரிசெய்ய வேண்டும், 0.02ஐத் தாண்டினால் வேலையை நிறுத்தி ஒழுங்குமுறை அமைப்புக்குச் சொல்ல வேண்டும். ஏ வகுப்பு மேற்பார்வையாளர் வேலை நடக்கும் நேரமெல்லாம் இடத்தில் இருக்க வேண்டும். பி வகுப்பில் தேவைப்படும்போது உடனே வரக்கூடிய நிலையில் இருந்தால் போதும். இரண்டு வகுப்புகளின் விலைப்புள்ளிகளுக்கு இடையே தெரியும் பெரிய வித்தியாசம் பெரும்பாலும் இந்த மூன்றிலிருந்தே வருகிறது: தூள் வெளியேறாதபடி அடைத்துக் கட்டிய பகுதி, காற்றுச் சோதனை, முழுநேர மேற்பார்வை.

இங்கே பலரும் கவனிக்காமல் விடும் ஓர் இடம் இருக்கிறது. நானும் முதலில் தவறவிட்டேன். ஐந்து நாள் முன்னறிவிப்பும் கட்டாயத் தூய்மைச் சான்றிதழும் 'உரிமம் தேவைப்படும் வேலைக்கு' உரியவை. உரிமம் உள்ளவர் செய்யும் எல்லா வேலைக்கும் அவை பொருந்துவதில்லை. எட்டரைச் சதுர மீட்டர் லாண்ட்ரிச் சுவருக்குப் பி வகுப்புக்காரரை அமர்த்தினால், அவருக்கு உரிமம் இருந்தாலும், அந்த வேலைக்கு உரிமம் தேவையில்லாததால் அறிவிப்பும் கட்டாயமில்லை, சான்றிதழும் கட்டாயமில்லை. எங்களிடம் வந்த முதல் விலைப்புள்ளி இரண்டாவதில் பாதிக்குச் சற்றே மேலாக மட்டும் இருந்ததன் காரணம் இதுதான். அவர் லாண்ட்ரியைத் தனி வேலையாகவும் காரேஜைப் பிறகு வரும் தனி வேலையாகவும் எழுதி, முதலாவதற்கு ஒரு தாளும் இல்லாமல் செய்ய இருந்தார். அதற்குப் பதிலாக வீட்டில் கழற்ற வேண்டிய எல்லாவற்றையும் ஒரே வேலையாக, ஒரே முன்னறிவிப்பின் கீழ்க் கொண்டுவந்தால், சிறிய சுவருக்கும் பெரிய கூரைக்குரிய பாதுகாப்பு முழுவதும் வந்து சேரும். குப்பை வண்டியும் ஒருமுறைதான் வரும், சோதனையாளரும் ஒருமுறைதான் வருவார். சிறு வேலை மட்டுமே இருப்பவர்கள் சான்றிதழைத் தாங்களாகவே கேட்டு, அதற்கான கட்டணத்தை விலைப்புள்ளியில் தனி வரியாக எழுதி வாங்குவது நல்லது.

எங்கள் முடிவைக் கடைசியில் மாற்றியது தரைதான். லாண்ட்ரியின் ஓட்டுத் தரைக்குக் கீழே பழைய வினைல் விரிப்பு ஒன்று இருந்தது. மூலையில் கைக்குட்டை அளவுக்குக் கிழித்துப் பார்க்கலாமா என்று நான் கேட்டபோது சோதனையாளர் கையை நீட்டித் தடுத்தார். அந்த இடத்தை நனைத்துவிட்டு விரல்நகம் அளவுக்கு மட்டும் வெட்டி, பைக்குள் பை போட்டு மூடி எடுத்துச்சென்றார். அடிப்படலம் ஆஸ்பெஸ்டாஸ் என்று அறிக்கை வந்தது. நான்கு சதுர மீட்டர்கூட இல்லாத அந்தத் தரை ஃப்ரையபிள் ஆகையால் ஏ வகுப்பு வேலை ஆயிற்று. தரைக்கு ஏ வகுப்புக்காரர், மற்றவற்றுக்குப் பி வகுப்புக்காரர் என்று இருவரை அமர்த்தினால் மொத்தத் தொகை சற்றுக் குறைந்திருக்கும். ஆனால் இரண்டு அறிவிப்புகள், இரண்டு சான்றிதழ்கள், இருவருக்கும் இடையே யார் விட்டது அந்தத் துண்டு என்ற கேள்வி ஆகியவற்றை எண்ணி, முழு வேலையையும் ஓர் ஏ வகுப்பு உரிமக்காரரிடமே கொடுத்தோம். ஃப்ரையபிள் பொருள் ஒன்றுமே இல்லையென்று அறிக்கை வந்திருந்தால் பி வகுப்பே போதும். அதற்கு மேல் கொடுப்பது வீண் என்றுதான் அப்போதும் சொல்லியிருப்பேன்.

அமர்த்துவதற்கு முன் செய்ய வேண்டிய சில சரிபார்ப்புகள் உள்ளன. உரிம எண்ணை வாங்கி மாநில அரசின் இணையப் பதிவேட்டில் பார்த்தால் உரிமம் நடப்பில் இருக்கிறதா, எந்த வகுப்பு என்பது தெரிந்துவிடும். கிரானி ஃப்ளாட் கட்டுபவர் 'அதையும் நாங்களே பார்த்துக்கொள்கிறோம்' என்றால், யாருடைய உரிமத்தின் கீழ் என்று கேட்க வேண்டும்; கட்டட உரிமம் வேறு, ஆஸ்பெஸ்டாஸ் உரிமம் வேறு. வீடுகளில் தூய்மைச் சோதனைக்கு ஏற்பாடு செய்யும் கடமை அகற்றுபவருடையது என்றாலும், சோதனையாளரை நாமே தேடிப் பிடித்து அவருக்கு நாமே பணம் கொடுப்பதை நான் வலியுறுத்துவேன். தொடர்பில்லாதவர் என்று சட்டம் சொல்வதை உண்மையிலேயே தொடர்பில்லாதவராக ஆக்குவது அதுதான். கிடங்கில் கொடுத்த ரசீதின் நகலும் வேண்டும். நூறு கிலோவையோ பத்துச் சதுர மீட்டரையோ தாண்டும் சுமையை மாநிலச் சுற்றுச்சூழல் அமைப்பின் கண்காணிப்பு முறையில் பதிவு செய்துதான் எடுத்துச்செல்ல முடியும் என்பதால், முறையாகச் செய்பவரிடம் அந்த ரசீது நிச்சயம் இருக்கும்.

முன்னறிவிப்பு கொடுத்த ஆறாம் நாள் காலை வேலை தொடங்கியது. நாங்கள் குழந்தைகளோடு நண்பர் வீட்டுக்குப் போய்விட்டோம். மூன்றாம் நாள் மதிப்பீட்டாளர் லாண்ட்ரியின் சுவர்ச் சட்டகங்களையும் ஆணித் துளைகளையும் டார்ச்சோடு பார்த்து, ஒரு ஜன்னல் விளிம்பை மறுபடி துடைக்கச் சொல்லி, அதன் பிறகே கையெழுத்திட்டார். இறவாணத் தகடுகள் இன்னும் அப்படியே இருக்கின்றன. அவற்றின் அளவையும் நிலையையும் எழுதி, அந்தச் சான்றிதழோடு வீட்டுப் பத்திரக் கோப்பில் வைத்திருக்கிறோம். அங்கே ஏணி சாய்க்க வரும் மின்பணியாளருக்கு முதலில் அதைத்தான் காட்டுகிறோம்.